மேற்கின் மனத்தாங்கல்: எட்மன்டனிலிருந்து சில பதில்கள்

கனடாவை விட்டுப் பிரிவது பற்றி அல்பேர்ட்டா மாகாணத்தில் பேச்சு எழுந்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அதுதான் நிறைந்திருக்கிறது. குடிவரவு, வீட்டுக்கடன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து இம்முறை இதை மட்டும் எடுக்கிறேன். நான் மாகாணத் தலைநகர் எட்மன்டனுக்குத் தெற்கே, நிஸ்குவில், எண்ணெய்க் குழாய் யார்டு ஒன்றில் நெடுங்காலம் சம்பளக் கணக்கு எழுதியவன். தேர்தல் நாள்களில் வாக்குச்சாவடி வேலைக்கும் போயிருக்கிறேன். அங்கெல்லாம் கண்டதையும் கேட்டதையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

நாங்கள் இஞ்சை எல்லாரும் லிபரலுக்குப் போடுறம். நீங்கள் அங்கை எல்லாரும் கன்சவேட்டிவுக்குப் போடுறியள். ஒரே நாட்டிலை ஏன் இப்பிடி?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

தங்கச்சி, ‘எல்லாரும்’ என்பது தொலைக்காட்சி வரைபடம் காட்டுவது. வாக்குப்பெட்டிக்குள் அப்படி இருப்பதில்லை.

நாடாளுமன்றத்துக்கான சமஷ்டித் தேர்தலில் இன்றைக்கும் காகிதச் சீட்டும் பென்சிலும்தான், எண்ணுவதும் கையால்தான். சாவடியைப் பூட்டிய பிறகு பெட்டியை மேசையில் கவிழ்ப்போம். ஒவ்வொரு சீட்டாக விரித்து, பெயரை உரக்க வாசித்து, கட்சி முகவர்களுக்குக் காட்டி, கட்டுக் கட்டாகப் பிரிப்போம். எங்கள் பக்கத்தில் கன்சவேட்டிவ் கட்டு வேகமாக உயரும். ஆனால் பக்கத்தில் லிபரல் கட்டும் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) கட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். எண்ணி முடித்து, உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வைத்ததோடு அந்தச் சின்னக் கட்டுகளின் வேலை முடிந்துவிடும். தொகுதியில் முதலாவதாக வந்தவருக்கே ஆசனம். மற்றவர்களுக்கு விழுந்த வாக்குக்குத் தலைநகர் ஒட்டாவாவில் வாய் இல்லை.

2025 ஏப்ரல் 28 தேர்தலில் அல்பேர்ட்டாவின் 37 ஆசனங்களில் கன்சவேட்டிவுக்கு 34, லிபரலுக்கு 2, என்டிபிக்கு 1. வாக்களித்த அல்பேர்ட்டாக்காரரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் லிபரலுக்குப் போட்டிருந்தார்கள் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிகிறதா? உங்கள் பக்கமும் இதே கதைதான். 2019இலும் 2021இலும் ரொறன்ரோ நகரின் 25 ஆசனங்களும் லிபரலுக்கே போயின. அங்கே கன்சவேட்டிவுக்குப் போட்ட இலட்சக்கணக்கானவர்களுக்கு நகருக்குள் ஓர் உறுப்பினர்கூடக் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் இன்னும் மோசம்: 2019இல் கன்சவேட்டிவுக்கு 34.3 சதவீத வாக்கும் 121 ஆசனமும், லிபரலுக்கு 33.1 சதவீத வாக்கும் 157 ஆசனமும். கூடுதல் வாக்கு எடுத்தவர் எதிர்க்கட்சியில் அமர்ந்தார். 2021இலும் அப்படியே. அந்தக் கூடுதல் வாக்கில் பெரும்பகுதி மேற்கில் குவிந்து கிடந்த வாக்கு. அதைப் போட்டவன் என்ன நினைப்பான்?

1993 தேர்தலைப் பாருங்கள். கியூபெக்கில் மட்டும் போட்டியிட்ட புளொக் கியூபெக்குவாவுக்கு 54 ஆசனம். மேற்கில் எழுந்த ரிஃபோர்ம் கட்சிக்கு 52. நாடு முழுவதும் பரவலாக 16 சதவீத வாக்கு எடுத்த முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்கு இரண்டே இரண்டு. ஒரு பிராந்தியத்தில் மட்டும் உரக்கக் கத்தும் கட்சிக்குப் பரிசும், எல்லா இடத்திலும் ஆதரவு வைத்திருக்கும் கட்சிக்குத் தண்டனையும் கொடுக்கிற முறை இது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுவே என்று 2015இல் லிபரல் தலைவர் ஜஸ்ரின் ட்ரூடோ வாக்குறுதி கொடுத்தார். 2017 பெப்ரவரியில் கைவிட்டார். அல்பேர்ட்டாவுக்கு மாற்று முறை புதிதும் இல்லை. 1926 முதல் 1955 வரை எட்மன்டனிலும் கல்கரியிலும் மாகாணத் தேர்தல்களில் விருப்பு வரிசைப்படி வாக்களித்து, ஒரே நகரத் தொகுதிக்குப் பல உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். அந்த முறை இன்று சமஷ்டித் தேர்தலில் இருந்தால் எட்மன்டனிலிருந்து இன்னும் சில லிபரல்களும் ரொறன்ரோவிலிருந்து பல கன்சவேட்டிவ்களும் போவார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் அதன் உள்கூட்டத்தில் ‘எங்கள் ஊரில் இது சரிவராது’ என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

இந்தக் கோபம் எண்ணெய் கண்ட பிறகு வந்ததா?
— ஒரு வாசகர், மதுரை

அதற்கும் முந்தியது ஐயா. அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும் 1905இல் மாகாணமாயின. கிழக்கில் உள்ள பழைய மாகாணங்களுக்கு இருந்த நில, கனிம உரிமையை இவற்றுக்குக் கொடுக்காமல் ஒட்டாவா தன் கையிலேயே வைத்திருந்தது. 1930இல்தான் விட்டுக்கொடுத்தது. கோதுமை விவசாயி தன் தானியத்தை உலகச் சந்தை விலைக்கு விற்றான். உழவுக் கருவியை மட்டும் இறக்குமதித் தீர்வையின் நிழலில் இருந்த ஒன்ராறியோ ஆலைகளிடம் கூடிய விலைக்கு வாங்கினான். எண்ணெய் பாய்வதற்கு முன்பே இந்த மனத்தாங்கல் வேர்விட்டிருந்தது.

1947 பெப்ரவரி 13இல் லெடுக் அருகே பெரிய எண்ணெய்க் கிணறு பீறிட்டது. இந்த இடத்தில், அல்பேர்ட்டாவில் அதிகம் பேர் கதைக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். 1961இல் பிரதமர் ஜோன் டீஃபன்பேக்கரின் அரசு ஒரு தேசிய எண்ணெய்க் கொள்கை கொண்டுவந்தது. ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேற்கே உள்ள சந்தை மேற்குக் கனடா எண்ணெய்க்கே ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டு எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஒன்ராறியோ மக்கள் பல ஆண்டுகள் கூடிய விலை கொடுத்து எங்கள் தொழிலை வளர்த்தார்கள். அதை மறப்பது நியாயமில்லை.

ஆனால் 1980இல் நடந்தது காயம். அந்த ஆண்டு ஜஸ்ரினின் தந்தை, லிபரல் தலைவர் பியேர் ட்ரூடோ 147 ஆசனங்களோடு ஆட்சிக்கு வந்தார். அவற்றில் ஒன்ராறியோவுக்கு மேற்கே இரண்டே இரண்டு, இரண்டும் மனிட்டோபாவில். மேற்கில் ஏறக்குறைய ஆளே இல்லாத அந்த அரசு ஒக்ரோபர் 28ஆம் திகதி தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. உள்நாட்டு எண்ணெய் விலை உலக விலைக்குக் கீழே பிடித்துவைக்கப்பட்டது; புதிய வரிகள் வந்தன. முதலமைச்சர் பீட்டர் லொகீட் தொலைக்காட்சியில் தோன்றி, உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாகச் சொன்னார். மறு ஆண்டு செப்டெம்பரில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. அதற்குள் வட்டி வீதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பின்னாலே உலக விலையும் சரிந்தது. எங்கள் யார்டில் இருந்த மூத்த வெல்டர் ஒருவர், 1982இல் வீட்டுத் திறப்பை வங்கியில் கொடுத்துவிட்டு மனைவி பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்குப் போனதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். வட்டிக்கும் உலக விலைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று நான் சொன்னால் தலையாட்டுவார். பிறகு, “ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லையே” என்பார். அதற்கு என்னிடம் மறுபேச்சு இருந்ததில்லை.

பிரதமர் பிரையன் மல்ரோனியின் பழமைவாத அரசு 1985இல் திட்டத்தைக் கலைத்தது. ஆனால் மறு ஆண்டே சீஎஃப்-18 போர்விமானப் பராமரிப்பு வேலையை, தரத்திலும் விலையிலும் மேலாக இருந்த, மேற்கின் வினிபெக் நகர டெண்டரைத் தள்ளிவிட்டு கியூபெக்கின் மொன்றியலுக்குக் கொடுத்தது. தாங்கள் வாக்களித்து அனுப்பிய கட்சியும் இதைத்தான் செய்யும் என்று மேற்கு கண்ட தருணம் அது. 1987இல் பிரஸ்ரன் மானிங் ரிஃபோர்ம் கட்சியைத் தொடங்கினார். ‘மேற்கு உள்ளே வர விரும்புகிறது’ என்பது அதன் முழக்கம். அன்றைக்கு உள்ளே வரத்தான் கேட்டார்கள்.

எங்கடை வரிக்காசைக் கியூபெக் திண்டு முடிக்குது எண்டு கல்கரியிலை இருக்கிற என் மைத்துனர் எப்பவும் சொல்லுவார். உண்மையா?
— ஒரு வாசகர், மார்க்கம்

மைத்துனர் சொல்வது, வருமானம் குறைந்த மாகாணங்களுக்கு ஒட்டாவா கொடுக்கும் சமப்படுத்தல் கொடுப்பனவு பற்றி. 1957இல் தொடங்கியது. மாகாணங்கள் ஓரளவு ஒத்த வரி விதித்து ஓரளவு ஒத்த பொதுச்சேவை கொடுக்க வழி இருக்கவேண்டும் என்ற கொள்கையை 1982 அரசியலமைப்பின் 36ஆம் பிரிவு எழுதிவைத்திருக்கிறது. 2024–25இல் மொத்தம் ஏறக்குறைய 25 பில்லியன் டொலர்; அதில் 13 பில்லியனுக்கு மேல் கியூபெக்குக்கு. அல்பேர்ட்டா 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு சதமும் பெற்றதில்லை. இவ்வளவும் உண்மை.

ஆனால் அல்பேர்ட்டா அரசு கியூபெக்குக்குக் காசோலை எழுதுவதில்லை. நான் சம்பளச் சீட்டு போட்ட காலத்தில் சமஷ்டி வருமான வரி கழிக்கும் அட்டவணை அல்பேர்ட்டா வெல்டருக்கும் நோவா ஸ்கோஷியா வெல்டருக்கும் ஒன்றுதான். ஒரே சம்பளம் என்றால் ஒரே வரி. அல்பேர்ட்டாவிலிருந்து அதிகம் போவதற்குக் காரணம் இங்கே சம்பளம் அதிகம், வேலை செய்யும் வயதினர் அதிகம், ஓய்வூதியம் எடுப்போர் குறைவு. அந்தப் பொதுக் கஜானாவிலிருந்துதான் ஒட்டாவா கொடுக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் பிரின்ஸ் எட்வேட் தீவும் நியூ பிரன்ஸ்விக்கும் மனிட்டோபாவும் கியூபெக்கை விட அதிகம் பெறுகின்றன. அவற்றை யாரும் திட்டுவதில்லை. ஒன்ராறியோவே 2009–10இல் முதல் தடவையாக இதை வாங்கியது.

இன்னொன்று. யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடும் இன்றைய சூத்திரத்தின் அடிப்படை 2007இல் ஸ்ரீபன் ஹார்ப்பர் அரசு போட்டது. ஹார்ப்பர் கல்கரி உறுப்பினர். அவருடைய அமைச்சரவையில் இருந்த ஜேசன் கெனிதான் பின்னர் அல்பேர்ட்டா முதலமைச்சராகி, 2021 ஒக்ரோபரில் இதே கொடுப்பனவை அரசியலமைப்பிலிருந்து நீக்கச் சொல்லி வாக்கெடுப்பு வைத்தார். ஏறக்குறைய 62 சதவீதம் ஆம் என்றார்கள். ஒரு மாகாணம் தனியாக வாக்களித்து அரசியலமைப்பை மாற்ற முடியாது என்பதால் எதுவும் நடக்கவில்லை. நடக்காது என்று தெரிந்தே மக்களின் கோபத்தைக் கிளறுவதை நான் வெறுக்கிறேன்.

அப்படியென்றால் மைத்துனரின் கோபம் வெறும் வாய்ப்பேச்சா? இல்லை. 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே போனது. எங்கள் யார்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதங்களை அச்சடித்து உறையில் போட்டது நான். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்து வேலை செய்தவர்கள், பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் தமிழ்ப் பொடியன்கள், எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. அல்பேர்ட்டாவின் வருமானம் அப்படி விழுந்தபோதும், சூத்திரப்படி அது பணக்கார மாகாணம்தான். 2018இல் அந்தச் சூத்திரத்தைப் பெரிய மாற்றமின்றி நீடித்தார்கள், 2023இலும் அப்படியே. ஒரு திறந்த விவாதமாவது வைத்திருக்கலாம். கியூபெக் தன் நீர்மின்சாரத்தைத் தன் மக்களுக்கு மலிவாக விற்கிறது; அதனால் அதன் வருமானம் காகிதத்தில் குறைவாகத் தெரிகிறது என்பதும் பொருளாதார அறிஞர்கள் பலர் எடுத்துச்சொன்ன நியாயமான கேள்வி.

மைத்துனரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. சமஷ்டியின் 5 சதவீதம் மட்டும்தான். கியூபெக்கில் அதற்கு மேல் 9.975 சதவீதம் கட்டுகிறார்கள். அல்பேர்ட்டாவில் மருத்துவமனைக்குக் காசு போதவில்லை என்னும்போது இதையும் சேர்த்துக் கதைப்பாரா?

எங்கள் கரையோரம் எண்ணெய்க் கப்பல் வேண்டாம் என்பது எங்கள் உரிமை இல்லையா? அல்பேர்ட்டா எங்களை ஏன் எதிரியாகப் பார்க்கிறது?
— ஒரு வாசகி, பேர்னபி, பிரிட்டிஷ் கொலம்பியா

கடலில் எண்ணெய் கொட்டினால் இழப்பு உங்களுக்குத்தான். அந்தப் பயத்தை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பேசமாட்டேன். ஆனால் மாகாண எல்லை தாண்டும் பைப்லைன் சமஷ்டி அரசின் அதிகாரத்துக்குள் வருவது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மேன்முறையீட்டை ஏகமனதாகத் தள்ளுபடி செய்தது.

எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். கடலுக்குப் போதிய வழி இல்லாததால் எண்ணெய் முழுவதையும் கிட்டத்தட்ட ஒரே வாடிக்கையாளரான அமெரிக்காவுக்கே விற்கவேண்டி வந்தது. 2018 இலையுதிர்காலத்தில் அமெரிக்க எண்ணெயை விட எங்கள் கனரக எண்ணெய் பீப்பாய்க்கு 40 அமெரிக்க டொலருக்கு மேல் குறைந்து விற்றது. முதலமைச்சர் ரேச்சல் நொட்லி உற்பத்தியைக் கட்டாயமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அவர் என்டிபி, அன்றைய உங்கள் முதலமைச்சர் ஜோன் ஹோர்கனும் என்டிபி. ஒரே கட்சிக்காரர்கள் மோதினார்கள். நொட்லி உங்கள் வைனைச் சில நாள்கள் தடை செய்தார். கட்சிக் கோட்டை விட மாகாணக் கோடு ஆழமானது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எங்களிடமிருந்து உங்கள் பேர்னபிக்கு வரும் ட்ரான்ஸ் மவுண்டன் பைப்லைனை 2018இல் ஒட்டாவா 4.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. விரிவாக்கம் முடியச் செலவு ஏறக்குறைய 34 பில்லியன். 2024 மே மாதம் புதிய குழாய் திறந்து, கொள்ளளவு நாளுக்கு 3 இலட்சம் பீப்பாயிலிருந்து 8 இலட்சத்து 90 ஆயிரமானது. இதைச் செய்து முடித்தது ஜஸ்ரின் ட்ரூடோ அரசு. அதற்கு இங்கே ஒரு நன்றிச்சொல் கேட்பது அரிது. அது தவறு என்பது என் எண்ணம். அதே அரசுதான் நோர்தர்ன் கேட்வே பைப்லைன் திட்டத்தை 2016இல் நிராகரித்ததும் வடகரையில் எண்ணெய்க் கப்பல்களைத் தடை செய்ததும். இங்கே அதுதான் நினைவில் நிற்கிறது. 2025 நவம்பர் 27இல் பிரதமர் மார்க் கார்னியும் அல்பேர்ட்டா முதலமைச்சர் டானியல் ஸ்மித்தும் கல்கரியில் புதிய பைப்லைனுக்கான ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டபோது, அமைச்சர் ஸ்டீவன் கில்போ அன்றே பதவி விலகினார். உங்கள் அரசும் கரையோர முதற்குடிகளும் எதிர்த்தார்கள். அவர்களை மேசைக்கு அழைக்காமல் இரண்டு பேர் கையெழுத்திட்டால், 1980இல் எங்களுக்குச் செய்ததை இன்று உங்களுக்குச் செய்வதாகும். இதை எட்மன்டனில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஒரு மாகாணம் பிரியலாம் என்று அங்கே வெளிப்படையாகக் கையெழுத்து வாங்குகிறார்களாமே. யாரும் பிடிப்பதில்லையா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் எந்த மனதோடு கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இலங்கை அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாம் திருத்தத்துக்குப் பிறகு தனிநாடு என்று வாயால் சொல்வதே குற்றமான நாட்டிலிருந்து வந்தவன் நானும்.

இங்கே யாரும் பிடிப்பதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் கியூபெக் வாக்கெடுப்பில் வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. நாடு மயிரிழையில் தப்பியது. யாரும் சிறை போகவில்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒரு மாகாணம் தன்னிச்சையாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்றால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர்கள். 2000இல் அதை ஒட்டிச் சட்டமும் வந்தது. அல்பேர்ட்டாவுக்கும் அதே விதிதான்.

2025இல் ஸ்மித் அரசு மக்கள் மனுவுக்குத் தேவையான கையெழுத்துகளைக் குறைத்து ஏறக்குறைய 1 இலட்சத்து 78 ஆயிரமாக்கியது. பிரிவினைக்கு எதிராக, போலந்தில் பிறந்த முன்னாள் துணை முதலமைச்சர் தோமஸ் லுக்காஷுக் ‘என்றும் கனடியர்’ என்ற மனுவைத் தொடங்கினார். எங்கள் சந்தை வாசலில் மடிப்பு மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு முன்னால் நின்றது தொப்பி போட்ட ஒரு முதிய விவசாயி. தான் வாழ்நாள் முழுக்கக் கன்சவேட்டிவ் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே எழுதினார். 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சரிபார்த்து ஏற்கப்பட்டன.

ஒன்று மறக்கக்கூடாது. இந்த நிலத்தின் ஆறாம், ஏழாம், எட்டாம் உடன்படிக்கைகள் 1876, 1877, 1899இல் முதற்குடிகளும் பிரித்தானிய முடியும் செய்துகொண்டவை. அப்போது அல்பேர்ட்டா என்ற மாகாணமே இல்லை. அவர்களைக் கேட்காமல் எதைப் பிரிப்பது? பிரிவினைக் கேள்வி உடன்படிக்கை உரிமைகளுக்கு முரணானது என்று 2025 டிசெம்பரில் மாகாண நீதிமன்றம் ஒன்று சொன்னது. அதே மாதம் ஸ்மித் அரசு, அப்படி முரணான கேள்விக்கும் இடம் கொடுக்கும்படி மனுச் சட்டத்தையே மாற்றியது. எனக்கு நெஞ்சு கொதித்த நாள் அது.

பொலியேவ் அல்பேர்ட்டாக்காரரா, ஒட்டாவாக்காரரா?
— ஒரு வாசகர், சென்னை

கன்சவேட்டிவ் கட்சித் தலைவர் பியேர் பொலியேவ் பிறந்து வளர்ந்தது கல்கரி. 2004 முதல் ஒட்டாவாப் பக்கத் தொகுதி உறுப்பினர். 2025 ஏப்ரலில் அங்கே தோற்றார். அந்தத் தொகுதியில் 91 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். ஓகஸ்ட் 18இல் அல்பேர்ட்டாவின் பற்றில் ரிவர்–குரோஃபுட் இடைத்தேர்தலில் வென்றார். அங்கே வேட்பாளர்கள் 200க்கு மேல் என்பதால் பெயர் அச்சிடாத வெற்றுச் சீட்டில் வாக்காளரே பெயரை எழுதினார்கள். பிரதமர் கார்னியும் எட்மன்டனில் வளர்ந்தவர்தான் என்பதை ‘கிழக்கு ஆள்கிறது’ என்போர் கொஞ்சம் நினைக்கலாம்.

வேலை மாறி எட்மன்டனுக்கு வாறம். சின்னப் பிள்ளைகள் இருக்கு. இந்த அரசியல் பகை தெருவிலை தெரியுமா?
— ஒரு தம்பதியர், பிரம்ப்டன்

தெரியும் தம்பி. பிரதமரைத் தூஷணத்தால் திட்டும் கொடியைப் பிக்கப் வண்டியில் கட்டிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்லியும் கேட்பார்கள். அதே வண்டிக்காரர் மைனஸ் 35இல் உங்கள் கார் நின்றுபோனால் வயர் போட்டு ஸ்ரார்ட் பண்ணித் தருவார். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன்.

எட்மன்டன் நகரம் நீங்கள் நினைப்பது போல ஒரே நிறமில்லை. 2023 மாகாணத் தேர்தலில் நகரின் 20 ஆசனங்களையும் என்டிபி எடுத்தது. 2025 ஒக்ரோபர் நகரசபைத் தேர்தலில், மாகாண அரசு சட்டம் மாற்றியதால், எட்மன்டனிலும் கல்கரியிலும் முதல் தடவையாகக் கட்சிப் பெயரோடு போட்டியிட விட்டார்கள். குப்பை அள்ளுவதற்கும் பனி வழிப்பதற்கும் கட்சி எதற்கு என்று பலர் கேட்டோம். இரண்டு நகரங்களிலும் மேயராக வந்தவர்கள் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். வேலைத்தலத்தில் பைப்லைன் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். முதலில் அவர் எந்த ஆண்டு வேலை இழந்தார் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வீடு தெற்குப் பக்கம் பார்ப்பதென்றால், மில் வூட்ஸ் பகுதியில் வாடகை நிலவரத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.